என் பெயருக்குப் போன நான்கு வரிகள்

தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்க்க ஆசைப்படாத மனிதர் யாரும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று, மணமக்களுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் முகம் கொடுத்துப் பேசாத சொந்தக்காரர்கள் எங்கள் தருமபுரியில் உண்டு. அவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் திரையில் என் பெயரை நட்சத்திரக் கரை கட்டிப் பார்ப்பதற்காக ஐம்பத்து இரண்டு பேரின் கண்ணோடு விளையாடியவள் நான். அதில் ஒருவர் என் அப்பா.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். ஆறு மாதம் படித்தவள் அறுபது வருடம் படித்தவள் போல நடந்துகொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. (அப்போது யாராவது சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.) ஊரில் எனக்கு வேலை கொடுத்தவர் தண்டபாணி முதலாளி. அவருக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்லின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்து, ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, அதைச் சொல்லிக்கொடுக்க என்னையும், டைப் அடிக்கச் சொல்லிக்கொடுக்க வசந்தா அக்காவையும் நியமித்திருந்தார். கீழே நெல் அரைபட்டால் மேலே திரையில் எழுத்துகள் நடுங்கும். உமித் தூசி உள்ளே போகக் கூடாது என்று அதற்கு ஒரு பூப்போட்ட டர்க்கி டவல் போர்த்தி வைப்போம். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. அவர்களைப் பார்த்து நான் இளக்காரமாகச் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் அவர்களைவிட நான்தான் அதிகமாக அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

குறிப்பாக அந்த விண்டோ வந்த பிறகு.

அதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். அதற்கு முன்னால் திரை என்றால் ஒரு சிலேட். ஒன்றை எழுத வேண்டுமென்றால் இன்னொன்றை அழிக்க வேண்டும். பெயர், வயது, ஊர் என்று கேட்கும் படிவம் ஒன்றைக் காட்டினால், அதற்கு முன்னால் திரையில் இருந்தது போயே போய்விடும். அப்புறம் பெங்களூரிலிருந்து ஒரு ஃப்ளாப்பியில் டேட்டாபேஸ் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அதில் ஒரு கட்டளை. இந்த வரிசையில் இந்தக் கட்டத்தில் தொடங்கி, அந்த வரிசையில் அந்தக் கட்டத்தில் முடியும்படி ஒரு விண்டோ போடு என்று நான்கு எண்களைக் கொடுத்தால் போதும். திரையில் இருப்பதன் மேலேயே இரட்டைக் கோட்டுக் கரையுடன் ஒரு பெட்டி விரியும். படிவம் அந்தப் பெட்டிக்குள் வந்து உட்காரும். வேலை முடிந்து பெட்டியை மூடினால், அடியில் இருந்த எழுத்தெல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருக்கும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நேரம் அந்த எழுத்தெல்லாம் எங்கே போயிருந்தது? அன்று மத்தியானம் சாப்பிடாமல் அந்தப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், மூலையில் கொண்டுபோய் வைத்தேன். நான்கே எண்கள், என் விரல் சொன்னபடி ஒரு சன்னல் வளர்ந்தது, சுருங்கியது. வசந்தா அக்கா டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னும் அதேதான் தெறந்து மூடிட்டு இருக்கியா? கதவு கீல் தேஞ்சிடப் போவுது" என்றார்.

இந்த நேரத்தில்தான் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய சங்கம் வருடா வருடம் பொம்மிடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தும். கண்ணில் புரை உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்புவார்கள். மறுநாள் காலை அங்கே ஆபரேஷன். இந்த வருடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்றார் முதலாளி. "பேப்பரே கூடாது மல்லிகா. டாக்டர் சொல்லச் சொல்ல மிஷின்ல ஏத்தணும். மிஷின் சீட்டு அடிச்சுக் குடுக்கணும். சீட்ட சட்டையில குத்திட்டு அவங்க பாட்டுக்குப் பஸ் ஏறணும். பேப்பர்காரங்க வர்றாங்க, போட்டோ எடுக்கறாங்க."

நான் ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். திரையின் மேல்பகுதியில் ஐந்து வரிகளில் முதலாளியின் பெயரும் சங்கத்தின் பெயரும். அதற்குக் கீழே விண்டோ. விண்டோவுக்குள் படிவம். பெயர், வயது, அப்பா அல்லது கணவர் பெயர், ஊர் என்று வரிசையாகப் போய், கடைசி இரண்டு வரிகளில் 'துணைக்கு யார்', 'எந்தக் கண்' என்று முடியும். டைப் அடிப்பவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, கண் என்ற இடத்தில் முன்கூட்டியே 'வலது' என்று போட்டு வைத்திருந்தேன். இடது என்றால் மட்டும் மாற்றினால் போதும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

வீட்டிலும் ஒரு வெற்றி. என் அப்பா கோவிந்தசாமி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். காலையில் வலது கண்ணில் சின்ன லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எடுப்பார். வேலை பார்க்கும்போது இடது கண்ணை மூடியே வைத்திருப்பார். அதனால் அதில் புரை விழுந்து முக்கால் பார்வை போன பிறகுதான் அவருக்கே தெரியவந்தது. "மூடி வெக்கிற கண்ணுதானே, அது கெடக்குது" என்று இரண்டு வருடமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். உண்மையில் பயம். ஒரு கண்ணில் கை வைத்தால் மற்றதற்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்த வலது கண் சம்பாதித்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நான் பெங்களூர் போனேன். அப்படிப்பட்டவர், முகாமில் எல்லாமே என் கம்ப்யூட்டர்தான் என்று கேட்டதும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நீ எழுதுன ப்ரோக்ராமா பாப்பா?"

"நானேதான்பா."

"அப்ப வரேன். உம் மிஷினு இருக்கிற எடத்துல தப்பு நடக்காது."

கண் கலங்கிவிட்டது எனக்கு. அந்த நம்பிக்கைக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முகாமன்று காலை கம்ப்யூட்டரை மெத்தையில் சுற்றி, மில் வேனில் என் மடியில் வைத்துப் பொம்மிடி கொண்டுபோனோம். பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பில், ஜெனரேட்டர் வைத்து அதற்கு உயிர் கொடுத்தோம். ஏழு மணி. கூட்டம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரையைப் பார்த்தேன். மேலே ஐந்து வரியில் முதலாளி பெயர் ஜொலித்தது. என் பத்து விரல்கள்தானே இதையெல்லாம் செய்தன? என் பெயர் எங்கே? பேப்பர்காரர்கள் போட்டோ எடுக்கப் போகிறார்கள். நாளைக்கு ஊரே பார்க்கும். முதலாளி பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது.

கீழே நான்கு வரி கிடைத்தால் போதும். ஒரு வரி நட்சத்திரம், ஒரு வரி 'இந்த ப்ரோக்ராமை எழுதியவர்', ஒரு வரி என் பெயர், மறுபடி ஒரு வரி நட்சத்திரம். ஆனால் திரையில் மொத்தம் இருபத்து ஐந்து வரிதான். விண்டோ அடிவரை நீண்டிருந்தது. அதனால் என்ன, அதன் உயரத்தில் நான்கு வரியைக் குறைத்தேன். நான்கு எண்களில் ஒன்றை மாற்றினால் போதுமே.

ஓட்டிப் பார்த்தேன். பெட்டி அழகாக, சிக்கென்று விரிந்தது. அடியில் என் பெயர். ஆனால் திடீரென்று ஒரு பிழைச் செய்தி வந்தது. ஏதோ ஒன்று விண்டோவுக்கு வெளியே போகிறது என்றது. அடுத்த வரிக்கும் அதே செய்தி. (யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது.) பேப்பர்காரர் முன்னால் இப்படிப் பிழை காட்டினால் மானம் போய்விடும். அந்த மென்பொருளில் இன்னொரு கட்டளை உண்டு. எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போய்க்கொண்டிரு என்று சொல்லிவிடலாம். அதை முதல் வரியில் எழுதினேன். உடனே எல்லாம் அமைதியாகிவிட்டது. பிழை நீங்கிவிட்டதாக நினைத்தேன். பிழை வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

கூட்டம் வந்தது. நல்லம்பள்ளி, அரூர், தீர்த்தமலை அடிவாரம் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அவர்களை வரிசைப்படுத்த ரோஸ்லின் சிஸ்டர் நின்றிருந்தார். பல வருடமாக இந்த முகாமுக்கு வருகிற நர்ஸ். இடுப்பில் ஒரு பிளாஸ்டர் சுருள், கையில் ஒரு கத்தரிக்கோல். டாக்டர் எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் என்று சொல்கிறாரோ, அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு சின்னப் பிளாஸ்டர் துண்டை வெட்டி ஒட்டுவது அவர் வழக்கம். அதைப் பார்த்துத்தான் சேலத்தில் எல்லோரும் வேலை பார்ப்பார்கள்.

முதலாளி பதறினார். "என்ன சிஸ்டர் இது? இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர வெச்சிட்டு மூஞ்சில பிளாஸ்டர் ஒட்டுனா போட்டோ எப்படி இருக்கும்?"

"எப்பவும் ஒட்டறதுதானுங்க சார்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு அடி முன்னால் வந்து, சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பிளாஸ்டர் கீழ விழுந்துடும் சிஸ்டர். டேட்டா விழாது."

அப்பா வரிசையில் நின்றபடி பக்கத்திலிருந்தவரிடம், "எம் பொண்ணு" என்றார்.

ரோஸ்லின் சிஸ்டர் என்னை ஒரு நொடி பார்த்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டர் சுருளைப் பைக்குள் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டார். நான் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

வேலை தொடங்கியது. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து "லெஃப்ட்", "ரைட்" என்று உரக்கச் சொல்வார். சிஸ்டர் ஆளை அழைத்துக்கொண்டு வருவார். வசந்தா அக்கா டைப் அடிப்பார். விண்டோ விரியும், மூடும். பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று சீட்டு அடிக்கும். ஒவ்வொரு கிர்ருக்கும் வராண்டாவில் உட்கார்ந்திருந்த கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. சீட்டைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்கள்.

ஐந்தாறு பேர் போன பிறகு வசந்தா அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது பேப்பர்காரருக்கு விண்டோவின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மல்லிகா, எந்தக் கண்ணுன்னு மிஷினு கேக்கவே இல்லயே? ஊரு பேரு அடிச்சதும் மூடிக்குதே."

"ஸ்க்ரீன்ல வரலன்னா என்னக்கா? உள்ள இருக்கும். சீட்டுல வருது பாருங்க."

வசந்தா அக்கா சீட்டைப் பார்த்தார். கண் என்ற இடத்தில் ஏதோ அச்சாகித்தான் இருந்தது. "டாக்டரு சொன்னத அதுவே கேட்டுக்குதா?" என்றார் வியப்போடு. பேப்பர்காரர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். நான் மறுத்திருக்க வேண்டும். ஒரு புன்னகை மட்டும் செய்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மத்தியானத்துக்குள் ஐம்பத்து இரண்டு பேர் தேர்வானார்கள். டாக்டர் ரயிலைப் பிடித்துச் சேலம் போய்விட்டார். ஜெனரேட்டரை நிறுத்தி, கம்ப்யூட்டரை மறுபடி மெத்தையில் சுற்றினோம். ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். துணைக்கு வந்தவர்கள் பின்னால் ரயிலில் போவதாக ஏற்பாடு. நான் அப்பாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

அப்பா மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைப் பையின் மேல் என் கம்ப்யூட்டர் அச்சடித்த சீட்டு. கோவிந்தசாமி, தருமபுரி. கண்: வலது.

இன்னொரு தடவை படித்தேன்.

"அப்பா, உங்களுக்கு இடதுதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன் பாப்பா" என்றார் அப்பா அமைதியாக. "டாக்டரும் லெஃப்டுன்னாப்பல காதுல உளுந்துச்சு. ஆனா மிஷினு வலதுன்னுடுச்சே. அது உள்ள எதுனா பாத்திருக்கும். வேல செய்யற கண்ணுலதானே வியாதி இருந்தா மொதல்ல தெரியாது?"

"கண்ணு தெரியுதில்லப்பா அதுல!"

"நீ எழுதுன ப்ரோக்ராமு. நீ தப்பு பண்ணுவியா?"

அந்த மனிதர் தன் நல்ல கண்ணை, எங்களுக்குச் சோறு போட்ட கண்ணை, நான் அடித்த ஒரு சீட்டை நம்பி வெட்டக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். பயந்தவர் அவர். இரண்டு வருடம் ஓடி ஒளிந்தவர்.

பக்கத்து இருக்கையில் இருந்தவரின் சீட்டைப் பார்த்தேன். வலது. பின்னால் வலது. அதற்குப் பின்னால் வலது. பஸ்ஸின் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். ஐம்பத்து இரண்டு பேருக்கும் வலது கண். தருமபுரி மாவட்டத்தில் இடது கண் என்று ஒன்று இருப்பதையே என் ப்ரோக்ராம் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே குறைத்த அந்த நான்கு வரி. அதில்தான் படிவத்தின் கடைசி இரண்டு வரிகள் இருந்தன. விண்டோவுக்குள் இடமில்லாமல் வெளியே விழுந்தவற்றைப் பற்றி கம்ப்யூட்டர் காலையிலேயே கத்தியது. நான்தான் அதன் வாயைக் கட்டினேன். அதனால் எல்லோருக்கும் நான் முன்கூட்டி எழுதி வைத்த 'வலது' அப்படியே தங்கிவிட்டது. எந்தக் கண் என்ற கேள்வி இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

என்ன செய்வது? டாக்டர் ரயிலில் இருக்கிறார். காகிதம் எதுவும் கிடையாது, அதுதானே எங்கள் பெருமை! டிரங்க் கால் போட்டால் எப்போது கிடைக்கும் என்று தபாலாபீஸ்காரருக்கே தெரியாது. நேராக அவர்களையே கேட்டுவிடலாம் என்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன்: "எல்லாரும் கேளுங்க! சீட்டுல இருக்கிறது தப்பு. கம்ப்யூட்டர் தப்பா அடிச்சிடுச்சு. உங்களுக்கு எந்தக் கண்ணு தெரியலன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க!"

பஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. முதல் வரிசையில் நல்லம்பள்ளியிலிருந்து வந்த பெரியம்மா ஒருத்தி, சேலைத் தலைப்பில் குத்தியிருந்த சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நீ யாரும்மா சொல்றதுக்கு?"

"இந்தக் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை எழுதுனதே நான்தான் ஆயா."

"நீ சின்னப் பொண்ணு. மிஷினு தப்பு சொல்லுமா? கரகரன்னு அடிச்சுக் குடுத்துச்சே, நான் பாத்தனே."

"ஆயா, உங்களுக்கு எந்தக் கண்ணு தெரியல?"

"அதுல என்ன எழுதியிருக்குதோ அந்தக் கண்ணுதான்."

சட்டென்று நான் அவள் வலது கண்ணைக் கையால் பொத்தி, இரண்டு விரலைக் காட்டினேன். "எத்தன வெரலு?"

"ஒண்ணுமே தெரியலயே."

"பாத்தீங்களா! அப்ப உங்களுக்குக் கெட்டுப்போனது இடது கண்ணு!"

"நீ பொத்திட்டா எப்படித் தெரியும்?" என்றாள் அவள். பஸ்ஸே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மிஷினு சொன்னதுக்கு மேல இந்தப் புள்ள என்னத்துக்குப் பேசுதுன்னு தெரியல. மொதலாளியக் கூப்புடுங்க" என்று குரல் கொடுத்தார். மாதக்கணக்கில் நான் இந்த ஊருக்கு ஊட்டி வளர்த்த பிரமிப்பு, இப்போது என்னையே பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னது. என் அப்பாவும் தலையசைத்து, "பதட்டப்படாத பாப்பா. உம் மிஷினு மேல நீயே சந்தேகப்பட்டா எப்படி?" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். விசும்பல் எல்லாம் இல்லை, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன்.

பஸ் படிக்கட்டில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த ரோஸ்லின் சிஸ்டர் உள்ளே வந்தார். நான் தேம்பித் தேம்பிச் சொன்னதை முழுதாகக் கேட்டார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். பிறகு நல்லம்பள்ளிப் பெரியம்மாவின் பக்கம் திரும்பி, "ஆயா, தலைய இப்படிச் சாய்ங்க" என்று சொல்லி, அவள் இடது காது மடலை மெல்ல மடக்கிக் காட்டினார்.

காதுக்குப் பின்னால், நரைமுடிக்கு அடியில், நெல்மணி அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டர்.

"மூஞ்சில ஒட்டக் கூடாதுன்னுதானே சார் சொன்னாரு" என்றார் சிஸ்டர்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அடுத்தவரிடம் போனேன். வலது காதுக்குப் பின்னால் ஒன்று. அடுத்தவருக்கு இடது. அடுத்தவருக்கு இடது. ஒவ்வொரு காதாக மடக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். தோடு போட்ட காது, தோடு விற்ற காது, பீடி சொருகியிருந்த காது. ஒவ்வொன்றின் பின்னாலும், டாக்டர் சொன்ன பக்கத்தில், கோணாமல் ஒட்டிய ஒரு துண்டு. யாரும் பார்க்காதபோது, யாரிடமும் பெருமை பேசாமல், வரிசையில் கூட்டி வரும்போதே ஆளுக்கு ஒன்றாக ஒட்டிவிட்டிருக்கிறார். அத்தனை பேர் நிறைந்த வராண்டாவில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எல்லோரும் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே!

என் வாழ்க்கையில் எத்தனையோ கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டேன். விண்டோ விரிந்த அந்த முதல் நாளில் எனக்கு வந்த சிலிர்ப்பு மறுபடி ஒரே ஒரு தடவைதான் வந்தது. அது அந்தப் பஸ்ஸில், காதுகளை மடக்கிக்கொண்டு நின்றபோது வந்தது.

சிஸ்டர் பேனாவை எடுத்து, பிளாஸ்டர் இடது பக்கம் இருந்தவர்களின் சீட்டிலெல்லாம் 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் காதை மடக்க, அவர் எழுத, ஐம்பத்து ஒரு பேரை முடித்தோம். கடைசியாக அப்பா.

இடது காதை மடக்கினேன். ஒன்றும் இல்லை. வலது காதிலும் இல்லை.

"ஒட்டினேனே மேடம்" என்றார் சிஸ்டர்.

அப்பா தொண்டையைச் செருமினார். "காதுக்குப் பின்னால என்னமோ ஒட்டிட்டு இருந்துச்சு. தடவிப் பாத்தா பிளாஸ்டரு. நீதானே பாப்பா பிளாஸ்டர் வேண்டாம்னு சொன்ன? பிச்சுப் போட்டுட்டேன்."

அந்தப் பஸ்ஸில் இருந்த ஐம்பத்து இரண்டு பேரில், எந்தத் துணையும் இல்லாமல் முழுக்க முழுக்க என்னை மட்டும் நம்பியவர் ஒருவர்தான். அவருக்கு மட்டும்தான் பிளாஸ்டர் இல்லை.

சிஸ்டர் பையிலிருந்து சுருளை எடுத்தார். நல்ல பெரிய துண்டாக வெட்டி, என் கையில் கொடுத்தார். "நீங்களே ஒட்டுங்க மேடம். காதுக்குப் பின்னால வேணாம். நெத்தியில ஒட்டுங்க, போட்டோ புடிக்கறவங்க போயிட்டாங்க."

அப்பாவின் இடது புருவத்துக்கு மேலே ஒட்டினேன். பிறகு நன்றாக அழுத்திவிட்டேன். தேவைக்கு மேலேயே அழுத்தினேன்.

"இதுவும் உன் ப்ரோக்ராமுல இருக்குதா பாப்பா?" என்றார் அப்பா.

"இனிமே இருக்கும்பா."

சேலத்தில் மறுபடி ஒரு தடவை கண்ணைச் சோதித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள் என்று பிற்பாடு சிஸ்டர் சொன்னார். ஆக, ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நன்றாக மனதில் பதிந்திருக்காது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. முதலாளியின் முகம் வந்தது, கம்ப்யூட்டரின் முதுகு வந்தது. திரை வரவே இல்லை. நான்கு வரிக்கு நான் போட்ட ஆட்டத்துக்கு இதுதான் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் வேலையாக என் பெயரை அழித்து, விண்டோவைப் பழையபடி அடிவரை இழுத்துவிட்டேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப என் பேரையும் ஒரு வரியாக் கொறச்சிடு" என்றார்.

அப்பாவின் இடது கண் பளிச்சென்று ஆயிற்று. இரண்டு கண்ணையும் திறந்து வைத்து வேலை பார்க்கப் பழகவே அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது எதையாவது ரொம்பத் தெரிந்தவர் மாதிரி அடித்துப் பேசினால், மற்றவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். சும்மா தங்கள் காது மடலை மடக்கிக் காட்டுவார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் என் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த அப்பா காதை மடக்கினார். மாப்பிள்ளை வீட்டார் அவருக்குக் காதுவலி என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது என் கணவர், மகள், மகளின் ஐந்து வயதுப் பெண் வரை எல்லோரும் மடக்குகிறார்கள்.

போன வருடம் எனக்கே புரை விழுந்தது. இடது கண்தான், அப்பா வழி. ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண் என் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டி, "அம்மா, அந்த ஃபார்ம் கீழே இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு ஆன்ட்டி, ஸ்க்ரோல் பண்ணணும்" என்று சக்கரத்தை உருட்டிக் காட்டினாள். கடைசி வரியில் இருந்தது, எந்தக் கண் என்ற கேள்வி. உருட்டினால் அடிவரை வருகிற சன்னல்! முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இது இருந்திருந்தால் நான் எவ்வளவு அழுகையை மிச்சம் பிடித்திருப்பேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அப்பா போன் செய்தார். அவருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. போனைக் காதில் வைக்கத் தெரியும், மெதுவாகப் பேசத் தெரியாது.

"பாப்பா, ஒட்டிக்கிட்டியா?"

"ஒட்டிக்கிட்டேன்பா. பேத்தி ஒட்டிவிட்டா."

"எந்தக் காது?"

"இடது."

"ஃபாரத்த அடி வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேன்பா. அடி வரைக்கும் கேள்விங்கதான் இருக்குது. யாரு பேரும் இல்ல."

"அப்ப தைரியமாப் போ" என்றார் அப்பா.